அம்மா இன்னும் பெரட்டுக்குக் கிளம்புகிறார்

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. 14 வயதில் உளி பிடித்தவர், ரப்பர்த் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தார். இப்போது ஒரு வருஷமாக, தட்டைக் கழுவி வைத்த கையோடு “நான் இன்னும் பசியாறலையே” என்கிறார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) நேரமாச்சு என்று உளியைத் தேடுகிறார். தோட்டத்தை விற்று வீடமைப்பு வந்தே பல வருஷம் ஆயிற்று. மூளை நரம்பு செத்துப்போச்சு என்கிறார்கள் உறவுக்காரர்கள். காலேஜில் படிக்கும் என் மகனோ, நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்கும் இதில் பங்கு உண்டு என்கிறான். எது சரி?
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: உங்கள் மகன் சொல்வதுதான் சரி, தங்கச்சி. நானும் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து, பிறகு தாதியாக வேலை பார்த்தவள். தோட்டத்துக் கணக்கிலேயே சொல்கிறேன்.

தோட்டம் என்றாலே பால்மரம் வெட்டுகிறவர்கள்தான் எல்லார் நினைவுக்கும் வருவார்கள். வெளிக்காட்டு ஆட்கள் புல் வெட்டி உரம் போடாவிட்டால் எந்த நிரை தழைக்கும்? மூளையில் நரம்புச் செல்கள் சுமார் 8,600 கோடி. ஏறக்குறைய அதே அளவுக்கு மற்ற செல்களும் இருக்கின்றன. 1856இல் ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ இவற்றை ‘நரம்புப் பசை’ என்றார். கிளையா என்ற பெயர் அப்படி வந்ததுதான். வெறும் பசைதானே என்று நெடுங்காலம் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். வெளிக்காட்டு ஆட்களின் மகளான எனக்கு அதைப் படித்தபோது மனசு வலித்தது.

இவற்றில் ஆஸ்ட்ரோசைட் என்பது நட்சத்திர வடிவச் செல். ஒரு காலை இரத்தக் குழாயில் ஊன்றி, மற்ற கைகளால் நரம்புகள் சந்திக்கும் இடங்களை அணைத்துக்கொண்டிருக்கும். தன்னிடம் சேர்த்து வைத்த சர்க்கரையை லாக்டேட்டாக மாற்றி நரம்புக்கு ஊட்டும். 2011இல் எலிகளுக்கு இந்த ஊட்டலைத் தடுத்துப் பார்த்தார்கள். எலி பாடத்தைக் கற்றுக்கொண்டது, மறுநாள் மறந்துவிட்டது. கற்பதற்கு அல்ல, கற்றதை இருத்தி வைப்பதற்கு இந்தத் துணை வேண்டியிருக்கிறது!

நரம்பு இழைக்கு உறை சுற்றும் செல்கள் வேறு. புதுக் கைத்திறன் பழகும்போது இவை புதிதாக உருவாக வேண்டும் என்பதை 2014இல் சுண்டெலிகளிடம் கண்டார்கள். உங்கள் அம்மாவின் கைக்கு உளி மறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதுமையில் நினைவை அரிக்கும் அல்சைமர் நோய் முதலில் தாக்குவது புது நினைவைப் பதியும் ஹிப்போகாம்பஸ் பகுதியை. கைப்பழக்கம் வேறிடத்தில் தங்குகிறது. அதனால்தான் காலையில் தின்ற தோசை போய்விடுகிறது, பெரட்டு மணி நினைவில் நிற்கிறது.

மைக்ரோகிளையா காவல்காரரும் கூட்டுகிறவரும் ஒன்றாய்ச் சேர்ந்த மாதிரி. அல்சைமரில் படியும் அமிலாய்டுப் புரதத்தை இவை சூழ்ந்து அடக்கப் பார்க்கும். ஓயாமல் கொதித்துக் கிடந்தால் நல்ல நரம்புச் சந்திப்புகளையும் சேர்த்தே தின்னத் தொடங்கும். இவற்றின் வேலைக்கு வேண்டிய டிரெம்2 மரபணுவில் சில மாற்றங்கள் இருந்தால் அல்சைமர் ஆபத்து கூடும் என்று 2013இல் தெரியவந்தது. அன்றிலிருந்து ஆராய்ச்சியாளர்களின் பார்வையே மாறியிருக்கிறது.

ஆனால் உங்கள் அம்மாவுக்கு அல்சைமர்தான் என்று நானோ உறவுக்காரர்களோ சொல்லக் கூடாது. முதலில் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். பி12 சத்துக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, சில மாத்திரைகள்கூட இப்படி மறதி காட்டும், அவற்றுக்கு வைத்தியம் இருக்கிறது. இனிப்புநீர், இரத்த அழுத்தம், காது கேட்பது மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மூளை டானிக் என்று வீடு தேடி வந்து விற்பவர்களிடம் தயவுசெய்து காசைக் கொடுக்காதீர்கள்.

நாலு மணிக்கு எழுந்தால் வாதாடாதீர்கள். வாசலைப் பூட்டி, கூடத்தில் ஒரு விளக்கை எரியவிடுங்கள். என் அம்மாவும் அப்படித்தான் கிளம்புவார். தோட்டம் இல்லை என்று சொல்லிச் சொல்லி அவரை அழவைத்திருக்கிறேன். பிறகுதான் கற்றுக்கொண்டு, “ராத்திரி மழைம்மா, மரமெல்லாம் ஈரம், இன்னிக்கு வெட்டு இல்லை” என்பேன். கொஞ்சநேரம் யோசிப்பார்.

“பால் பிடிக்கிற மங்கெல்லாம் கவுத்து வச்சாச்சா?”

“வச்சாச்சும்மா.”

போர்வையை இழுத்துக்கொண்டு படுத்துவிடுவார்.