பழைய பொருளை விற்க ஆன்லைனில் விளம்பரம் போட்டதுமே 'ராணுவத்தில் இருக்கிறேன், உடனே பணம் அனுப்புகிறேன்' என்று ஒருவர் போன் செய்கிறார். நம்பலாமா?

வாஷிங் மெஷினை விற்க விளம்பரம் போட்டிருக்கிறீர்கள். பத்து நிமிடத்தில் போன். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்னவர் விலையைக் குறைக்கச் சொல்லாமல் ஒரு கியூஆர் கோடை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'இதை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும்' என்கிறார். செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்யாதீர்கள். அந்த உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் படிக்கலாம்.

2022-ல் எங்கள் வீட்டில் இதே மாதிரி நடந்தது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருச்சி பொன்மலையில் வீடு. புது ஃபிரிட்ஜ் வாங்கியதும் பழைய டபுள் டோர் ஃபிரிட்ஜை 9,500 ரூபாய்க்கு விற்க ஒரு தளத்தில் விளம்பரம் போட்டார். தட்டுகளை எல்லாம் கழட்டிக் கழுவி, வெளிச்சத்தில் வைத்து நாலு போட்டோ எடுத்திருந்தார். கால் மணி நேரத்தில் போன் வந்தது. பேசியவன் இந்தியில் ஆரம்பித்தான். அப்பா பல வருடம் நாக்பூரில் இருந்தவர், இந்தி நன்றாக வரும். ரொம்ப நாளைக்குப் பிறகு யாரோ இந்தியில் பேசியதில் அவருக்கு மகிழ்ச்சி. மத்திய தொழில் பாதுகாப்புப் படையான சி.ஐ.எஸ்.எஃப்.பில் இருக்கிறானாம், திருச்சி விமான நிலையத்துக்கு மாற்றலாகி வருகிறானாம், குவார்ட்டர்ஸுக்கு ஃபிரிட்ஜ் வேண்டுமாம். சீருடையில் ஒரு போட்டோ, அடையாள அட்டை, கேன்டீன் கார்டு என்று வரிசையாக அனுப்பினான். விமான நிலையத்துக்கு சி.ஐ.எஸ்.எஃப். காவல் உண்டு என்பது அப்பாவுக்குத் தெரியும். எல்லாம் பொருந்தியது.

விலை? '9,500 சரி அங்கிள், பேரம் பேச வேண்டாம்' என்றான்.

நான் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் இந்த ஒரு வரியிலேயே சந்தேகப்பட்டிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நம் ஊரில் பழைய ஃபிரிட்ஜ் வாங்குகிறவர் எப்படிப் பேசுவார்? 'கடைசியா என்ன ரேட்டு சார்?' 'கம்ப்ரசர் மாத்தியிருக்கா?' 'கேஸ் எப்ப போட்டது?' 'எந்த ஏரியா, மாடி வீடா, எறக்குறதுக்கு ஆள் வேணுமா?' இதெல்லாம் கேட்காமல் ஒருவர் பத்தாயிரம் ரூபாய்ப் பொருளைப் பார்க்காமலே முழு விலைக்கு வாங்குகிறார் என்றால், அவருக்குப் பொருள் தேவை இல்லை. வேறு எந்த அடையாளத்தையும் நீங்கள் மறந்துவிடலாம், இதை மறக்காதீர்கள்.

அப்புறம் நடந்ததைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் இங்கேதான் விழுகிறார்கள். முதலில் ஐந்து ரூபாய்க்கு ஒரு கியூஆர் கோடு வந்தது. 'செக் பண்ணிப் பாருங்க அங்கிள்' என்றான். அப்பா ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டார். ஐந்து ரூபாய் போனது. அடுத்த நொடியே அவர் கணக்குக்குப் பத்து ரூபாய் வந்தது, நிஜமாகவே வந்தது. 'எங்க டிபார்ட்மெண்ட் அக்கவுண்ட் இப்படித்தான். நீங்க போட்டது டபுளாத் திரும்பி வரும். இப்ப 9,500-க்கு ஸ்கேன் பண்ணுங்க, 19,000 வரும். உங்க காசு உங்களுக்கு, மீதி ஃபிரிட்ஜுக்கு.' அப்பா ஸ்கேன் செய்தார், பின் போட்டார். 9,500 போனது. எதுவும் வரவில்லை. 'சர்வர் மாட்டிக்கிச்சு, இன்னொரு தடவை பண்ணுங்க, ரெண்டும் சேர்ந்து வந்துடும்' என்றான். மறுபடியும் 9,500.

இவ்வளவு நேரமும் அவன் போனை வைக்கவிடவில்லை. 'லைன்லயே இருங்க, கட் பண்ணாதீங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தான். வங்கியிலிருந்து பணம் போனதற்கான மெசேஜ் வந்த சத்தம் கேட்டது என்று அப்பா பிறகு சொன்னார். ஆனால் பேச்சுக்கு நடுவில் அதைத் திறந்து படிக்க நேரம் கொடுக்காமல் அடுத்த வேலையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அதனால், யாராவது பணம் அனுப்பும்போது 'லைனில் இருங்கள்' என்றால் உடனே வைத்துவிடுங்கள். நிஜமாகப் பணம் அனுப்புகிறவருக்கு நீங்கள் லைனில் இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது தடவை கேட்டபோது அம்மா சமையலறையிலிருந்து வந்து போனைப் பிடுங்கினார். எனக்கு அழைத்தபோது அப்பாவின் குரல் இறங்கிப் போயிருந்தது. 'ஏம்மா, அந்தப் பையன் அவ்வளவு மரியாதையா பேசினான்மா' என்றார். எனக்கு இன்னும் ஆறாத இடம் இதுதான். சீருடை என்றால் மனதார மதிக்கிற ஒரு மனிதரின் அந்த மதிப்பை வைத்தே அவரை ஏமாற்றினார்கள். அந்த அடையாள அட்டை முழுப் போலியாக இருக்கலாம். எங்கோ இருக்கிற ஓர் உண்மையான வீரருடையதாகவும் இருக்கலாம். அவருக்கே தெரியாமல் அவர் பெயரும் கெடுகிறது. வாட்ஸ்அப்பில் வருகிற அட்டை எதையும் நிரூபிக்காது. இந்த வகை அழைப்புகளுக்குப் பேர் போனது ராஜஸ்தானின் பரத்பூரும் ஹரியானாவின் நூ மாவட்டமும் சேர்ந்த மேவாத் பகுதி. 2023 ஏப்ரலில் நூவில் போலீசார் பல கிராமங்களில் ஒரே சமயத்தில் சோதனை நடத்திப் பலரைப் பிடித்தார்கள். ஆனாலும் அழைப்புகள் நிற்கவில்லை.

சரி, இதன் அடிப்படை என்ன? யுபிஐயில் பணம் வாங்க நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உங்கள் போன் நம்பரோ யுபிஐ முகவரியோ அனுப்புகிறவருக்குத் தெரிந்தால் போதும். உங்கள் போன் அணைந்து கிடந்தாலும் பணம் வந்து சேரும். பின் நம்பர் என்பது வீட்டு அலமாரிச் சாவி மாதிரி. உள்ளே இருப்பதை வெளியே எடுக்கத்தான் அது. கடையில் ஸ்கேன் செய்கிறோமே, எதற்கு? கொடுப்பதற்கு. வேறொருவர் அனுப்பிய கோடை நீங்கள் ஸ்கேன் செய்தால் கொடுப்பவர் நீங்கள்தான், அவர் வாயால் என்ன சொன்னாலும். பின் போடும் பக்கத்திலேயே யாருக்குப் போகிறது, எவ்வளவு என்று மேலே இருக்கும். அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பழக்கியிருக்கிறேன்.

முன்பு கோடு கூடத் தேவைப்படவில்லை. 'பணம் கேட்கும் கோரிக்கை' ஒன்றை அனுப்புவார்கள், 'அப்ரூவ் பண்ணுங்க, பணம் வரும்' என்பார்கள். தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தும்படி, யுபிஐயை நடத்தும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் வங்கிகளுக்கும் செயலிகளுக்கும் சொன்னது. நல்ல காரியம். ஆனால் கியூஆர் கோடு வழி அப்படியே இருக்கிறது.

நேரில் வருகிறவர்களிடமும் கவனம் வேண்டும். பொருளை வண்டியில் ஏற்றிவிட்டு, பச்சை டிக் போட்ட திரையைக் காட்டுவார்கள். அப்படி ஒரு திரையை உண்டாக்கிக் காட்டவென்றே போலிச் செயலிகள் இருக்கின்றன. அவர் போனைப் பார்க்காதீர்கள். உங்கள் வங்கிச் செயலியைத் திறந்து இருப்புத் தொகையைப் பாருங்கள். எஸ்எம்எஸ்ஸையும் நம்பாதீர்கள், 'உங்கள் கணக்கில் வரவு' என்று யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். வங்கியின் மெசேஜ் பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது, எழுத்துகளால் ஆன பெயரிலிருந்து வரும்.

இன்னொன்று, 'தெரியாமல் 9,500-க்குப் பதில் 95,000 போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்' என்று அழுவார்கள். பெரும்பாலும் வந்திருப்பது போலி மெசேஜ்தான், கணக்கில் ஒரு பைசா ஏறியிருக்காது. அரிதாக நிஜமாகவே பணம் வந்திருக்கும். அப்போது இன்னும் ஜாக்கிரதை. அது வேறு யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருக்கலாம். அவர் சொல்கிற வேறு நம்பருக்கு நீங்கள் அனுப்பிவிட்டால், பணத்தை இழந்தவர் கொடுத்த புகாரில் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். 'உங்கள் வங்கியில் சொல்லித் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், நானும் என் வங்கியில் தெரிவிக்கிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள்.

கூரியர் கட்டணம் முதலில் கட்டுங்கள் என்பது, லிங்க்கைத் திறந்து கார்டு நம்பர் போடச் சொல்வது, எனிடெஸ்க் மாதிரித் திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொல்வது, இவையும் அதே கூட்டத்தின் வேலைதான். விற்கிற ஆள் எதற்கு ஒரு ரூபாயாவது கட்ட வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

ஏற்கெனவே பணம் போய்விட்டது என்றால் அழுதுகொண்டு உட்கார நேரம் இல்லை. 1930-க்கு அழையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்ற உதவி எண், எந்த ஊரிலிருந்தும் அழைக்கலாம். பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தொகை, நேரம், உங்கள் வங்கி விவரம் கையில் இருக்கட்டும். பணம் ஏமாற்றுக்காரனின் கணக்கில் இன்னும் இருந்தால் அங்கேயே நிறுத்திவைக்கச் சொல்லி வங்கிக்குத் தகவல் போகும். அவன் அதை ஏடிஎம்மில் எடுப்பதற்குள்ளோ, நாலு கணக்குக்கு மாற்றுவதற்குள்ளோ தகவல் போய்ச் சேர வேண்டும். அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் அவ்வளவு முக்கியம். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் புகாரைப் பதியலாம். உங்கள் வங்கிக்கும் அப்போதே சொல்லிப் புகார் எண் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்த மோசடியாக இருந்தாலும், தகவல் கொடுத்த பிறகு போகிற பணத்துக்குப் பொறுப்பு வங்கியுடையது.

நாங்கள் அழைக்க நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. அப்பா வெட்கப்பட்டு 'விடும்மா, போனது போகட்டும்' என்றதில் பாதி நேரம் போனது. முதல் 9,500 அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாவது 9,500 நின்றது, நாலு மாதம் அலைந்த பிறகு கிடைத்தது. நாற்பது நிமிடம் பத்து நிமிடமாக இருந்திருந்தால் என்று நான் இன்னும் கணக்குப் போடுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்தால் தயவுசெய்து திட்டாதீர்கள். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பெரியவர்கள் மறைக்கிறார்கள், அந்த நேரத்தில்தான் பணம் கை மாறுகிறது.

அந்த ஃபிரிட்ஜ் பிறகு அரியமங்கலத்திலிருந்து வந்த ஒருவருக்குப் போனது. வந்தவர் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளிப் பின்பக்கம் குனிந்து பார்த்தார், ஃப்ரீசரில் தண்ணீர் வைத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து காபி குடித்தார், கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது என்று சொல்லி 8,200-க்குக் கொண்டுவந்தார். பணத்தை யுபிஐயில் போட்டார். அப்பா போனைத் தொடவே இல்லை, பணம் வந்தது. வங்கிச் செயலியைத் திறந்து இருப்பைப் பார்த்த பிறகுதான் டாடா ஏஸில் ஏற்றக் கை கொடுத்தார்.