தூண்டில் ரீலுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?

கேள்வி: விடுமுறை நாள்களில் கரையிலிருந்து தூண்டில் போடுவேன். 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். வீட்டுக்கு வந்ததும் குழாயை வேகமாகத் திறந்து கழுவி, தேங்காய் எண்ணெய் விடுகிறேன். இப்போது கைப்பிடியைச் சுற்றினால் கரகரவென்கிறது. புது ரீல்தான் வாங்க வேண்டுமா?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: அவசரப்படாதீர்கள். நல்ல ரீலைத் தூக்கிப் போடுவது எனக்குப் பொறுக்காது. முதலில் ஒரு சோதனை. தூண்டில் நரம்பில் இழுவை இல்லாமல் சும்மா சுற்றிப் பாருங்கள். அப்போது சத்தம் இல்லை, மீன் இழுக்கும்போது மட்டும் வருகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் லைன் ரோலரில். கம்பி வளையத்தின் ஓரத்தில், நரம்பு ஓடும் சின்ன உருளை அது. உப்புத் தண்ணீர் நேராகப் படும் இடம். கழற்றித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பல நேரம் சரியாகிவிடும்.

சும்மா சுற்றினாலும் கரகரத்தால் உடம்பைத் திறக்க வேண்டும். ஒரு வெள்ளைத் துண்டை விரித்து, ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும்போதும் செல்போனில் படம் எடுங்கள். பெரிய பல்சக்கரத்தின் பக்கத்தில் தாள் போல மெல்லிய வாஷர்கள் இருக்கலாம். எந்தப் பக்கம் எத்தனை என்பது மாறினால் பற்கள் சரியாகப் பொருந்தாது. நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். பழைய கிரீஸைத் துணியால் வழித்து, உலோகச் சக்கரங்களை மட்டும் மண்ணெண்ணெயும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் காய வையுங்கள். பிளாஸ்டிக்கிலும் டிராக் வாஷரிலும் மண்ணெண்ணெய் படக் கூடாது. மீன் பலமாக இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிடிதான் டிராக். பேரிங்கை விரலால் சுழற்றுங்கள். கழுவி எண்ணெய் விட்ட பிறகும் சொரசொரத்தால் மாற்றத்தான் வேண்டும். உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்துகொண்டு பேரிங் கடைக்குப் போங்கள். துருப்பிடிக்காத ஸ்டீலில் கேளுங்கள். பற்களுக்குத் தண்ணீரில் கரையாத கிரீஸை மெல்லியதாகத் தடவினால் போதும். அப்பிவிட்டால் சுற்றுவதே பாரமாகிவிடும்.

தேங்காய் எண்ணெயை இன்றோடு விடுங்கள். நாளாக ஆகப் பிசுக்காகி மணலைப் பிடித்துவைக்கும், மார்கழிக் குளிரில் உறையவும் செய்யும். பேரிங்குக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும்.

குழாயை வேகமாகத் திறப்பதும் வேண்டாம். வெளியே இருக்கும் உப்பை அந்த வேகமே இடுக்குக்குள் தள்ளிவிடும். டிராக் குமிழை இறுக்கிவிட்டு, பூவாளியால் மேலாகத் தெளித்து, துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். அப்புறம் டிராக்கைத் தளர்த்தியே வையுங்கள். இறுக்கிப் போட்டால் உள்ளே இருக்கும் வாஷர்கள் நசுங்கியே கிடக்கும். பின்னல் நரம்பு போட்டிருந்தால் அது உப்புத் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலைத் தனியாகக் கழற்றி நல்ல தண்ணீரில் ஊறப் போடுங்கள். கடலோரத்தில் போர் தண்ணீரே பல வீடுகளில் உப்புக் கரிக்கும். அதில் கழுவிப் பயன் இல்லை, குடிக்கிற தண்ணீரை எடுங்கள்.

கேள்வி: நானே ரீலைத் திறந்து நிறைய கிரீஸ் போட்டேன். இப்போது மீன் இழுத்தால் கைப்பிடி பின்னோக்கிச் சுற்றுகிறது.
- வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முதலில், பின்சுற்றைத் தடுக்கும் சுவிட்ச் உங்கள் ரீலில் இருந்தால் அது போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தும் சுற்றினால், ஸ்பூலுக்குக் கீழே உள்ள ஒருவழி பேரிங்கில் கிரீஸ் போயிருக்கிறது. அதற்குள் இருக்கும் சின்ன உருளைகள் அச்சைக் கவ்விப் பிடித்தால்தான் கைப்பிடி நிற்கும். கிரீஸில் அவை வழுக்கும். அதைப் பிரிக்காமல், அப்படியே மொத்தமாகக் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் அலசுங்கள். நன்றாகக் காய்ந்ததும் மெல்லிய எண்ணெயை ஈர்க்குச்சி முனையில் தொட்டு வையுங்கள். அங்கே கிரீஸ் கூடவே கூடாது.

கேள்வி: துரு போக்கும் ஸ்பிரே அடித்தால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்களே?
- வாசகர், சென்னை

பதில்: இறுகிப்போன திருகை இளக்க அடிக்கலாம். ரீலுக்குள் அடித்தால் இருக்கிற கிரீஸும் கரைந்து ஓடிவிடும். வெளியில் அடித்தாலும் உடனே துடைத்துவிடுங்கள்.