முன்பாரம், பின்பாரம்: படகு டிரெய்லர் கேள்வி பதில்

கப்பலூரில் டிராக்டர் டிரெய்லர் செய்யும் பட்டறைக்காரன் நான். மதுரையில் கடல் இல்லை என்றாலும் வாசலில் ஃபைபர் போட் நிறுத்தியிருக்கும் வீடுகள் சில உண்டு. அவர்கள் கேட்டவை கீழே.

திருநகர்: போட் 300 கிலோ, இன்ஜின் 9.9 குதிரைத்திறன். 400 கிலோ தாங்கும் பழைய டிரெய்லர் மலிவாக வருகிறது. வாங்கலாமா அண்ணே?

கூட்டிப் பாருங்கள். இன்ஜின் ஒரு 40 கிலோ, 25 லிட்டர் பெட்ரோல் 18 கிலோவுக்கு மேல். நங்கூரம், கயிறு, பேட்டரி, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்ந்தால் 400 வந்துவிடும். தாங்கும் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது மிச்சம் இருக்கட்டும். பழசு வாங்குகிறவர் கீழே படுத்துப் பார்க்கணும். பாக்ஸ் பைப் வெளியே பெயிண்டில் பளபளக்கும், உள்ளே உப்புத்தண்ணீர் தின்றிருக்கும். சுத்தியலால் தட்டுங்கள். 'ணங்' என்றால் சரி, 'தொப்' என்றால் வண்டியேறி வந்துவிடுங்கள்.

அனுப்பானடி: பெயிண்டா, கால்வனைஸா?

கண்மாய்க்குப் பெயிண்ட் போதும். தொண்டி, மண்டபம் என்றால் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த கால்வனைஸ்தான். வெல்டிங் வேலை எல்லாம் முடித்த பிறகு முக்கணும். அப்புறம் வெல்டிங் வைத்தால் அந்த இடத்துப் பூச்சு எரிந்துபோகும்.

பரமக்குடி: ஒரே வருடத்தில் இரண்டு முறை பேரிங் போய்விட்டது. மட்டமான கிரீஸா?

கிரீஸ் மேல் பழி போடாதீர்கள். நூறு கிலோமீட்டர் ஓடி வந்த ஹப், அதாவது பேரிங் உட்காரும் சக்கரத்தின் நடுக்கூடு, சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அப்படியே ரிவர்ஸ் எடுத்துத் தண்ணீரில் இறக்கினால் காற்று சட்டென்று சுருங்கி, ஆயில் சீல் என்ற ரப்பர் வளையத்தின் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். கழற்றும்போது கிரீஸ் பால் மாதிரி வெளுத்திருந்தால் கதை இதுதான். கரையில் அரை மணி நேரம் நிறுத்தி, ஹப்பைத் தொட்டுப் பார்த்து ஆறிய பிறகு இறக்குங்கள். பேரிங்கோடு சீலையும் மாற்றுங்கள். கிரீஸ் அடைத்த ஹப் ஒன்று எப்போதும் டிக்கியில் கிடக்கட்டும்.

ஒத்தக்கடை: பேரிங் சூடாகிறது, என்ன கிரீஸ் போடலாம்?

மேலே படியுங்கள். சீல், சீல், சீல்.

மேலூர்: எங்கள் அப்பா மாட்டு வண்டி ஓட்டியவர். பாரம் தராசு மாதிரி நிற்கணும் என்பார். என் டிரெய்லரும் அப்படித்தான் நிற்கிறது, ஒரு விரலால் தூக்கலாம். 60ஐத் தாண்டினால் மட்டும் வாலாட்டுகிறது.

அப்பா சொன்னது மாட்டுக்குச் சரி. முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து புண்ணாகும், பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கிக் கழுத்தை இறுக்கும். காருக்குக் கழுத்து வலிக்காது. மொத்த எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்து பங்கு டிரெய்லரைக் காரில் மாட்டும் முன் கொக்கியில் அமரணும். அது இல்லாவிட்டால் டிரெய்லர் ஆடும், பிறகு காரையும் சேர்த்து ஆட்டும்.

சோழவந்தான்: மேலூர்க்காரர் சொல்வதே சரி. எங்கள் டிராக்டர் டிரெய்லர் சமமாகத்தான் ஓடுகிறது!

எந்த வேகத்தில்? 25லா? நாலு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே சுமக்கும். இது ஒற்றை அச்சு. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

சோழவந்தான்: இரண்டு சக்கர டிப்பரும் வைத்திருக்கிறேன்.

அந்த டிப்பரின் அச்சு எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நடுவில் இருக்காது, பின்னால் தள்ளியிருக்கும். பாரம் டிராக்டர் மேல் அமர வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறோம். நானே எத்தனையோ செய்திருக்கிறேன்.

தேனி: வைகை அணையில் போட் விடலாமா?

நீர்வளத் துறையிடம் கேளுங்கள். டிரெய்லர் பதிவு பற்றிக் கேட்டவர்கள் ஆர்.டி.ஓ. அலுவலகம் போங்கள்.

விளாங்குடி: தண்ணீரில் இறக்கும்போதெல்லாம் பின் லைட் பல்பு போகிறது.

இறக்கும் முன் லைட் ஒயரின் பிளக்கைக் கழற்றுங்கள்.

சிலைமான்: பேரிங்குக்கு எந்த கிரீஸ்...

ஐயா!

மேலூர்: கொக்கியை எடை மெஷினில் வைத்துப் பார்த்தேன். மொத்தம் 600 கிலோவில் 12 கிலோதான் காட்டுகிறது. சோழவந்தான்காரர் பேச்சைக் கேட்டு ஒரு மாதம் ஓட்டிவிட்டேன்.

42 முதல் 60 வரை வேண்டும். கொக்கி காரில் நிற்கும் உயரத்துக்குக் கட்டை கொடுத்து மெஷினை வைத்தீர்களா? வைத்திருந்தால் அச்சைப் பிடித்திருக்கும் யு போல்ட்டைத் தளர்த்தி அச்சைக் கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு, டேப் பிடித்து. அப்புறம் மறுபடி நிறுத்துப் பாருங்கள்.