திருமலையிலிருந்து ரொறன்ரோக் கடைக்குக் கப்பலில் சாமான்: ஒரு பெட்டி நின்றால் எல்லாப் பெட்டியும் நிற்கும்

கேள்வி: "ரொறன்ரோவில் மச்சான் சின்னதாக ஒரு கடை திறக்கிறார். கறித்தூள், பனங்கட்டி, பூசைச் சாமான், எவர்சில்வர், கொஞ்சம் சேலை என்று அறுபது பெட்டி வரும். திருமலைத் துறைமுகத்திலிருந்தே ஏற்றலாமா? எப்படி அனுப்புவது?"

திருகோணமலைத் துறைமுகப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். ஏற்ற முடியாது. இங்குள்ள அஷ்ரஃப் ஜெட்டியில் நிற்கும் கப்பலைக் காட்டி "அப்ப அது என்ன?" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறார்கள். பிறிமா மா ஆலைக்குக் கோதுமை, சீமெந்து ஆலைக்குக் கிளிங்கர், சீனக்குடாவுக்கு எண்ணெய் என்று இங்கே வருவதெல்லாம் மொத்தச் சரக்கு. உங்களுக்கு வேண்டியது ஒழுங்காக வந்துபோகும் கொள்கலன் கப்பல். அது கொழும்பில். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஊர்ச்சனம், ஒரு பெட்டி கறித்தூளைக் கடலில் ஏற்ற லொறி பிடித்துக் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று சுமார் 260 கிலோமீற்றர் போகவேண்டியிருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் துறைமுகத்தின் ஆழத்தைச் சொல்கிறார்கள். ஆழம் மட்டும் பெட்டி தூக்காது. சரி, அது வேறு பேச்சு.

அறுபது பெட்டிக்குத் தனிக் கொள்கலன் தேவையில்லை. பலருடைய சரக்கோடு சேர்த்து ஏற்றும் எல்சிஎல் முறைதான் உங்களுக்கு. அதில் கணக்கு சிபிஎம், அதாவது கனமீற்றர். ஒரு கனமீற்றருக்கு 1,000 கிலோ என்று ஒப்பிட்டு, கன அளவோ எடையோ எது கூடவோ அதற்குக் காசு. 45 × 35 × 30 சென்ரிமீற்றர் பெட்டி அறுபது என்றால் 2.835 சிபிஎம். பெட்டிக்கு 14 கிலோ வைத்தாலும் 840 கிலோதான், ஆகவே கன அளவுக்குத்தான் கட்டவேண்டும். இப்போது அதே பெட்டியைத் திணித்துத் திணித்து மேல்மூடி இரண்டு சென்ரிமீற்றர் புடைத்துவிட்டது என்று வையுங்கள். களஞ்சியத்தில் அளப்பவர் புடைப்பின் உச்சியில்தான் நாடாவை வைப்பார். 3.024 ஆகிவிடும். பலகைத் தட்டில் அடுக்கினால் 1.2 × 1 மீற்றர் தட்டு, 15 சென்ரிமீற்றர் உயரம், அதுவே 0.18 சிபிஎம். அந்தத் தட்டிலும் 56 பாகையில் 30 நிமிடம் சூடாக்கியதற்கான ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (பலகைப் பொதிகளுக்கான சர்வதேச விதி) இருக்கவேண்டும். முத்திரையில்லாத பலகையைக் கனடாவில் திருப்பி அனுப்பச் சொல்வார்கள், செலவு உங்கள் தலையில்.

விலை கேட்கும்போது ஒரு சூழ்ச்சி உண்டு. "கடல் கட்டணம் மிக மலிவு, கிட்டத்தட்ட இனாம்" என்று சரக்கு ஏஜென்ட் ஒருவர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். கொழும்பில் விட்டதை ரொறன்ரோவில் மச்சானிடம் வாங்குவார்கள்: கொள்கலன் பிரிப்பு, கையாளல், ஆவணக் கட்டணம் என்று வரிசையாக. போய்ச்சேரும் இடத்துக் கட்டணங்களை வரி வரியாக எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரை விட்டுவிடுங்கள். எல்லா ஏஜென்டுகளும் அப்படி என்று சொல்லவில்லை. நேர்மையானவர்கள் கேட்ட அன்றே தந்துவிடுவார்கள்.

இனி உண்மையான சிக்கல். கலவைச் சாமானைக் கெடுப்பது கடல் இல்லை, பேக்கிங் லிஸ்டில் எழுதும் "பலசரக்கு", "வீட்டுச் சாமான்" என்ற சொற்கள். சுங்கத்துக்கு அந்தச் சொல் "எல்லாவற்றையும் திறந்து பார்" என்பதற்குச் சமம். அறுபது பெட்டியில் ஒன்று சந்தேகத்துக்குரியது என்றால் மற்ற ஐம்பத்தொன்பதும் அதோடு காத்திருக்கும். ஆகவே பெட்டிக்கு ஒரு வரி. "பெட்டி 31: மூடியுடன் எவர்சில்வர் சட்டி, 24 செ.மீ., 12 எண்ணம், எச்எஸ் 7323.93, நிகர எடை, மொத்த எடை, பெறுமதி" என்று எழுதுங்கள். எச்எஸ் என்பது சுங்கம் பொருளை வகைப்படுத்தும் எண்: அரைத்த மிளகாய் 0904.22, ஊதுபத்தி 3307.41. முதல் ஆறு இலக்கம் இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். பெட்டியின் அடுத்தடுத்த இரண்டு பக்கத்திலும் 31/60 என்று அழியாத மையில் எழுதவேண்டும்.

இதைவிட ஒரு படி மேலே போகலாம். உணவு ஒரு சரக்காகவும் மற்றவை இன்னொரு சரக்காகவும், தனித்தனி இன்வொய்ஸ், தனித்தனி ஹவுஸ் பில் ஒஃப் லேடிங் (ஏஜென்ட் தரும் கப்பல் சரக்குச் சீட்டு) போட்டு அனுப்புங்கள். ஆவணச் செலவு இரட்டிப்பாகும். ஆனால் கறித்தூளைப் பரிசோதனைக்கு நிறுத்தினால் சட்டியும் சேலையும் கடைக்குப் போய்விடும். "வீண் செலவு" என்பவர்கள் களஞ்சியத்தின் நாள் வாடகைப் பட்டியலை ஒருமுறை பார்க்கட்டும்.

பூசைச் சாமானில் கற்பூரம் இருக்கிறதா? அது ஆபத்தான சரக்கு. ஐநா எண் 2717, வகுப்பு 4.1, எளிதில் தீப்பற்றும் திண்மம். தீப்பெட்டியும் 4.1. சாம்பிராணி போடுவதற்கென்று சிரட்டைக்கரி வைத்தால் தானாகச் சூடேறும் 4.2, கொப்பறாவும் அப்படியே. வாசனைத் திரவியமும் நகப்பூச்சும் வகுப்பு 3. இவற்றை ஊதுபத்திப் பெட்டிக்குள் மறைத்து வைக்கவே கூடாது. 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தபோது அதில் 1,486 கொள்கலன்கள் இருந்தன. அதற்குப் பிறகும் "கொஞ்சம் கற்பூரம்தானே" என்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கற்பூரத்தை அங்கேயே வாங்கச் சொல்லுங்கள்.

கருவாட்டை இந்தச் சரக்கோடு சேர்க்கவேண்டாம். மீன்பிடித் திணைக்களத்தின் சுகாதாரச் சான்றிதழ் ஒரு பக்கம், வாடை ஒரு பக்கம். சேலையில் ஏறிய கருவாட்டு வாடை போகாது, பக்கத்துப் பெட்டிக்காரனும் நட்டஈடு கேட்பான். கடை அலங்காரத்துக்கென்று சங்கு, பவளம் எதையும் வைக்காதீர்கள். பழைய பித்தளை விளக்கு என்றால் தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிட்டுத்தான் கட்டவேண்டும்.

பனங்கட்டியை ஓலைக் குட்டானோடு அனுப்ப எல்லோருக்கும் ஆசை. ஓலை ஈரம் இழுக்கும், பூஞ்சணம் பிடிக்கும், பூச்சியும் வரும். கொள்கலனுக்குள் பகலில் சூடு ஏறும், இரவில் கூரைத் தகடு குளிர்ந்து உள்ளே நீர் துளிர்த்துச் சொட்டும். பனங்கட்டி இளகிக் குட்டானின் இடுக்கு வழியே கசிந்து, அடியிலுள்ள பெட்டியின் அட்டையை ஊறவைக்கும், அதோடு அடுக்கே சரியும். ஒவ்வொரு குட்டானையும் தகட்டுப் பையில் போட்டு ஒட்டி, பெட்டிக்குள் தடித்த பொலித்தீன் உறை விரித்து அடுக்குங்கள். கறித்தூளுக்கும் இரட்டைப் பை. வாடைக்காலத்தில் மழை நாளில் பெட்டி கட்டினால் ஈரத்தையும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். வெயில் நாளாகப் பார்த்துக் கட்டி, லொறிக்கு மேலே மட்டுமல்ல, பெட்டிகளுக்கு அடியிலும் தரப்பாள் விரிக்கச் சொல்லுங்கள்.

மத்திய வீதிக் கடைகளில் பழைய பால்மாப் பெட்டி மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். ஒருமுறை நசுங்கிய அட்டைக்குப் பலம் திரும்பாது. அதோடு வெளியே பால்மா என்று அச்சு இருக்க உள்ளே சட்டி இருந்தால் அதிகாரிக்கு என்ன தோன்றும்? ஐந்து அடுக்கு அட்டைப் பெட்டி புதிதாக எடுத்து, 18 கிலோவுக்கு மேல் போடாமல், மேலும் கீழும் நடு இணைப்பிலும் இரு ஓரத்திலும் டேப் ஒட்டுங்கள்.

கனடாப் பக்க வேலை மச்சானுடையது. பிஸ்னஸ் நம்பரும் இறக்குமதிக் கணக்கும் வேண்டும். 2024 ஒக்ரோபர் 21 முதல் சுங்கக் கணக்கு கார்ம் இணையத்தளம் வழியாகத்தான். உணவுக்குக் கனடிய உணவுப் பரிசோதனை முகவரகத்தின் உரிமம் அவர் பெயரில் இருக்கவேண்டும். சாமான் போய்ச்சேர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் பொருள் உள்ளே வராது. லேபல் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் இருக்கவேண்டும். ஊரில் ஒட்டிய தமிழ் லேபலை அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்.

காப்புறுதி எடுக்கும்போது மிகக் கூடிய பாதுகாப்புத் தரும் "ஏ" பிரிவைக் கேளுங்கள், சரக்கு விலையும் கட்டணமும் சேர்ந்த தொகைக்கு மேல் 10 சதவீதம் வைத்து. பெட்டி சரியாகக் கட்டாததால் வந்த சேதத்துக்கு அதுவும் தராது.

பில் ஒஃப் லேடிங் மூலப்பிரதியாக வந்தால் மூன்று தாள் வரும். அதை மச்சானுக்குக் கூரியரில் அனுப்பி, அவர் கொடுத்தால்தான் சரக்கு கிடைக்கும். உங்களுக்குள் கடன் கணக்கு இல்லையென்றால் லொறி புறப்படுமுன்பே, மூலத் தாள் இல்லாமலே சரக்கை விடும் டெலக்ஸ் ரிலீஸ் கேட்டுவிடுங்கள், தாள் தபாலில் நிற்க சாமான் வாடகைக்கு நிற்காது.