புரியாத ஆட்டத்தின் நடுவே – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலைக்காக மெல்பர்ன் வந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் அலுவலக நண்பர்கள் எம்.சி.ஜி. (மெல்பர்ன் கிரிக்கெட் மைதானம்) போய் ஃபுட்டி, அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து, பார்க்கக் கூட்டிப்போனார்கள். சேப்பாக்கத்தில் தொண்டை கட்டும்வரை கத்தியவன் நான். இங்கே அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஊமையாக உட்கார்ந்திருந்தேன். எதற்குக் கத்துகிறார்கள் என்றே புரியவில்லை. அவர்கள் கைதட்டியபோது நானும் தட்டினேன், அது பொய்யாக இருந்தது. எங்கள் வரிசையில் என் நிறத்தில் வேறு யாரும் இல்லை என்பதும் உறுத்தியது. மறுபடி கூப்பிட்டால் போவதா, வேண்டாமா?

எஸ்., மெல்பர்ன்

அன்புள்ள எஸ்.,

போங்கள். ஆனால் இந்த முறை சும்மா கைதட்டாதீர்கள், பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள்.

அந்த ஊரில் நான் ஆறு வருடம் இருந்தேன். முதல் ஆட்டத்துக்குத் தனியாகத்தான் போனேன். ஜூலை மாதக் குளிர். பக்கத்து இருக்கையில் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. மடியில் கம்பளி, கழுத்தில் கறுப்பு வெள்ளை மஃப்ளர், கையில் 'ஃபுட்டி ரெக்கார்ட்'. 1912 முதல் வந்துகொண்டிருக்கும் ஆட்டநாள் இதழ் அது. வீரர்களின் பெயர்களுக்கு எதிரே பென்சிலால் கோடு போட்டபடியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முழிப்பதைக் கவனித்திருக்கிறார். முதல் குவார்ட்டர் (ஆட்டத்தின் கால் பகுதி) முடிந்ததும் இதழையும் பென்சிலையும் என் கையில் கொடுத்து, "இனி நீ எழுது, நான் சொல்கிறேன்" என்றார்.

எழுத வேண்டும் என்றால் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள். உதைத்த பந்து யார் மேலும் படாமல் நடுக் கம்பங்கள் இரண்டுக்கும் இடையே போனால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. கோல் என்றால் அங்கே நிற்கும் நடுவர் இரண்டு கொடிகளை வீசுவார், எதிர்முனை நடுவரும் கொடி வீசிப் பதில் சொல்வார். பலகையில் 12.8 என்று இருந்தால் 12 கோல், 8 பிஹைண்ட், மொத்தம் 80. இதெல்லாம் எனக்குப் பென்சில் வழியாகத்தான் தெரிந்தது. பந்தோடு பிடிபட்டவர் அதை உதைத்தோ கையால் குத்தியோ அனுப்பாவிட்டால் எதிரணிக்கு ஃப்ரீ கிக். கூட்டம் மொத்தமும் "பாஆஆல்!" என்று கத்துவது அந்த ஃப்ரீ கிக்கைக் கேட்டுத்தான். மூன்றாவது குவார்ட்டரில் நானும் கத்தினேன், கொஞ்சம் தாமதமாக. அந்த அம்மா திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

சேப்பாக்கத்தில் உங்களுக்கும் அப்பாவோ அண்ணனோ யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள் இல்லையா? மெல்பர்னில் அதைப் பக்கத்து இருக்கைக்காரர் செய்வார். இரண்டு அணி ரசிகர்களும் பெரும்பாலும் கலந்தேதான் உட்காருகிறார்கள், எதிரணிக்காரராகவே இருந்தாலும் ஆசையாகச் சொல்லித் தருவார்.

நிறத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைச் சும்மா தாண்டிப்போக எனக்கு மனமில்லை. 1993 ஏப்ரலில் காலிங்வுட் அணியின் விக்டோரியா பார்க் மைதானத்தில் செயின்ட் கில்டா அணியின் பழங்குடி வீரர் நிக்கி வின்மார் கூட்டத்தின் வசவுகளைக் கேட்டபடியே ஆடினார். ஜெயித்ததும் ஜெர்சியைத் தூக்கித் தன் தோலைச் சுட்டிக்காட்டினார். 1995இல் இனவசைக்கு எதிராக, ஆட்டத்தை நடத்தும் லீக் விதி கொண்டுவந்தது. அப்புறமும் தீரவில்லை. 2015இல் இன்னொரு பழங்குடி வீரர் ஆடம் குட்ஸைப் பல மைதானங்களில் ஊளையிட்டு நோகடித்தார்கள். அந்த சீசனோடு அவர் விலகினார், லீக்கும் கிளப்புகளும் மன்னிப்புக் கேட்டது 2019இல்தான். உங்கள் உறுத்தலுக்குக் காரணம் இருக்கிறது. யாராவது ஏதாவது சொன்னால் விழுங்கிக்கொள்ளாதீர்கள், உடனே மைதானப் பணியாளரைக் கூப்பிடுங்கள். பயந்து வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். அந்த இருக்கை உங்களுடையதும்தான்.

சரி, எது பொய், எது நிஜம்? எந்த அணி என்று அந்த ஊரில் எல்லோரும் கேட்பார்கள். நான் குடியிருந்தது மெல்பர்னின் ஃபுட்ஸ்கிரே பகுதியில் என்பதால் அந்தப் பகுதி அணியான வெஸ்டர்ன் புல்டாக்ஸ் என்று சொல்ல ஆரம்பித்தேன். வெறும் முகவரிப் பொருத்தம், அவ்வளவுதான். 2016 அக்டோபர் 1 அன்று அவர்கள் இறுதி ஆட்டம் ஆடியபோது நான் சென்னைக்குத் திரும்பிவிட்டிருந்தேன். இங்கே காலை பத்து மணி. 1954க்குப் பிறகு, 62 வருடம் கழித்துக் கோப்பை. காயத்தால் அந்த ஆட்டத்தை ஆட முடியாமல்போன கேப்டன் பாப் மர்ஃபியை மேடைக்குக் கூப்பிட்டு, பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தன் பதக்கத்தைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அழுதேன். முதல் நாள் நான் தட்டிய கைதட்டலும் உங்களுடையதைப் போலத்தான் இருந்தது.

அடுத்த முறை அரை மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். கீழ் அடுக்கில், கோல் முனைக்குப் பக்கமாக இடம் பாருங்கள். கிளப்பின் ரசிகர்கள் கூடி உட்கார்ந்து க்ரேப் காகிதத்தையும் ஒட்டுநாடாவையும் வைத்து ஒரு மாபெரும் பதாகை செய்துகொண்டு வருவார்கள். வீரர்கள் ஓடிவந்து ஒரே நொடியில் அதைக் கிழித்துக்கொண்டு மைதானத்துக்குள் நுழைவார்கள். செய்தவர்கள் அதைப் பார்த்து ஆர்ப்பரிப்பதைக் கவனியுங்கள்.