பிள்ளைக்கு ஒரே விளையாட்டா, பலதா? கேள்வி பதில்

தர்மபுரி மாவட்டத்தில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாலக்கோடு: சார், மகனுக்கு 9 வயது. கிரிக்கெட் மட்டும் போதும், கபடியை நிறுத்துங்கள் என்கிறார் கோச்.

நிறுத்தாதீர்கள். ஓடுவது, தாவுவது, எறிவது, சட்டென்று திரும்புவது எல்லாம் பல ஆட்டங்களில்தான் உடம்பில் ஏறும். வளரும் எலும்பின் நுனியில் குருத்தெலும்பு இருக்கிறது. வருடம் முழுக்க ஒரே அசைவு என்றால், பந்துவீசுபவனுக்குத் தோளிலும் குதிப்பவனுக்கு முழங்காலிலும் அங்கேதான் அடிபடும். ஒரே விளையாட்டுக்குப் போவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடச் சொல்லி அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2016இல் எழுதியது. வாரம் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, வருடத்தில் மொத்தம் 3 மாதம் அந்த ஆட்டமே வேண்டாம் என்றும் அதில் இருக்கிறது.

காவேரிப்பட்டணம்: மகளுக்கு 12. ஓட்டப் பயிற்சி. முழங்காலுக்குக் கீழே வலி, தைலம் தேய்க்கிறோம்.

இன்றே ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வலியோடு ஓடவிடாதீர்கள்.

ஓசூர்: குகேஷ் 7 வயதில் செஸ் கற்று, 12 வயதில் கிராண்ட்மாஸ்டர், 2024இல் 18 வயதில் உலக சாம்பியன். 15 வரை காத்திருந்தால் நடந்திருக்குமா?

நடந்திருக்காது. செஸ் வேறு கணக்கு, அதில் மூட்டு தேயாது. ஜிம்னாஸ்டிக்ஸிலும் உச்சம் சீக்கிரம் வருவதால் சின்ன வயதில் தொடங்குகிறார்கள். ஆனால் குகேஷைப் பார்த்துப் பள்ளியை நிறுத்திவிட்டுப் பாதியில் நின்ற பிள்ளைகளின் பெயர் யாருக்கும் தெரியாது. பக்கத்து சேலம் மாவட்டத்து கிரிக்கெட் பந்துவீச்சாளர் நடராஜனையும் பாருங்கள். 20 வயது வரை டென்னிஸ் பந்தில் கிரிக்கெட், 2020இல் இந்திய அணி.

ஓசூர் (மீண்டும்): அவரும் கிரிக்கெட் ஒன்றைத்தானே ஆடினார்?

ஆடினார், ஊர்த் திடலில், தன் ஆசையில். அட்டவணை போட்டு யாரும் விரட்டவில்லை. நான் எதிர்ப்பது அந்த விரட்டலை.

பென்னாகரம்: அப்படியானால் திறமை வீணாகாதா?

15 வயதில் கூர்மையாக்கலாம். அதற்குள் சலித்துப்போய் மட்டையைத் தூக்கிப் போட்டால்தான் வீண். விடுமுறையிலும் அவனாகவே திடலுக்குப் போகிறானா என்று பாருங்கள்.

அரூர்: எந்த வயதில் அகாடமி?

பாலக்கோட்டுக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். இதே கேள்வியை இன்னும் மூன்று பேர் அனுப்பியிருக்கிறீர்கள், எல்லோருக்கும் அதே பதில்தான்.

ஊத்தங்கரை: அரசு விளையாட்டு விடுதியில் சேர்க்க?

மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேளுங்கள். பிள்ளைக்கு முழங்கால் வலி இருந்தால், அதை மறைத்து விடுதித் தேர்வுக்கு அனுப்பாதீர்கள்.