தொப்ளர் ஆய்வை எடுத்த மகளுக்கு வேலை கிடைக்குமா?

வெள்ளவத்தையிலிருந்து எழுதியுள்ள தந்தையாருக்கு,

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் இலத்திரனியல், தொலைத்தொடர்புப் பொறியியல் இறுதியாண்டில் பயிலும் தங்கள் மகள், வேகமாக மாறும் அலைத்தடங்களில் (கம்பியில்லாத் தொடர்பில் அலை செல்லும் வழிகளில்), தரவைப் பகிர்ந்து சுமக்கும் சிறு அலைகளான துணைக்காவிகளுக்கிடையே எழும் குறுக்கீட்டைக் குறைப்பதைத் தம் ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கிறார். அதற்குக் கொழும்பில் வேலை உண்டா என்பது தங்கள் கேள்வி. அந்தத் தலைப்பின் பெயரில் இங்கே பதவி எதனையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆயினும் தலைப்பை மாற்றச் சொல்வதற்கு அது காரணமாகாது.

4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் பட்டை, 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 1200 துணைக்காவிகளாகப் பிரிக்கப்படுகிறது. தெற்கு அதிவேக வீதியில் மணிக்கு 100 கிலோமீற்றரில் செல்லும் காருக்கு, 1800 மெகாஹெர்ட்ஸில், தொப்ளர் விளைவால் (நகர்வதால் அலையின் மீடிறன், அதாவது அதிர்வெண், மாறுவதால்) ஏற்படும் மீடிறன் பெயர்ச்சி ஏறத்தாழ 167 ஹெர்ட்ஸ்தான். இடைவெளியில் ஒரு சதவீதத்தைச் சற்றே தாண்டும் அதனை அலைபேசி பொருட்படுத்துவதில்லை. ஆனால் மணிக்கு 350 கிலோமீற்றரில் ஓடும் ரயிலில், 3.5 கிகாஹெர்ட்ஸில், அது 1100 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். அப்போது ஒரு துணைக்காவியின் ஆற்றல் அயலிலுள்ளவற்றுக்குள் கசிந்து தரவைக் கெடுக்கிறது. 5ஜியில் செய்வதுபோல இடைவெளியை 30 அல்லது 60 கிலோஹெர்ட்ஸாக அகட்டலாம். ஆனால் ஒரு தடவையில் அனுப்பப்படும் தரவுத் துண்டான குறியீட்டின் நேரமும், அதனோடு குறியீடுகளுக்கிடையே விடப்படும் காப்பு நேரமும் சுருங்குவதால், எதிரொலித்துத் தாமதமாக வரும் அலைகளைத் தாங்கும் திறன் குறையும். ஒரே தரவை எதிரெதிர்க் குறியுடன் அடுத்தடுத்த இரு துணைக்காவிகளில் அனுப்பினால் கசிவு பெருமளவு தன்னைத்தானே நீக்கிக்கொள்ளும், ஆனால் தரவு வேகம் பாதியாகும். இந்த இழுபறியைக் கணக்கிட்டுக் காட்டுவதே அவருடைய வேலை. என் பார்வையில், இறுதியாண்டு மாணவி ஒருவருக்கு இதைவிட நல்ல பயிற்சி அரிது.

உள்ளூர் அலைபேசி நிறுவனங்களில் கிடைப்பது பெரும்பாலும் வலையமைப்புத் திட்டமிடலும் பராமரிப்பும்தான். இவ்வகை வழிமுறைகள் வெளிநாட்டில் வடிவமைக்கப்படும் சில்லுகளுக்குள் இருக்கின்றன. ஆகவே இதே துறையில் நிலைக்க விரும்பினால் மேற்படிப்பு ஏறக்குறைய கட்டாயம். (வெளிநாடு என்றதும் பதற வேண்டாம், உதவித்தொகையுடன் செல்பவர்கள் நம்மிடையே பலர்.) விரும்பாவிட்டாலும், தாயங்கள் (matrices), நிகழ்தகவு, நிரலாக்கம் ஆகியவற்றில் அவர் பெறும் தேர்ச்சியை மென்பொருள், தரவுப் பகுப்பாய்வு நிறுவனங்கள் மதிக்கும்.

ஒன்றை மட்டும் மகளிடம் கேளுங்கள்: ஆய்வுக்கான கணினி உருவகப்படுத்தலைத் தாமே எழுதுகிறாரா, யாரோ எழுதியதை ஓட்டிப் பார்க்கிறாரா? நேர்முகத் தேர்வில், வாகனத்தின் வேகம் கூடும்போது, சமிக்ஞையின் வலுவை எவ்வளவு கூட்டினாலும் பிழை வீத வளைகோடு ஓரிடத்துக்குமேல் இறங்காமல் தட்டையாவது ஏன் என்று கேட்பார்கள். தாமே எழுதியவரால்தான் அதற்குத் தடுமாறாமல் விடை சொல்ல முடியும்.